பணிவிடையும் ஓர் இல்முதான்



 

எந்த மஹல்லாவை எடுத்துக்கொண்டாலும் அங்கே சில வீடுகளில் பகலிலும் பாய் சுருட்டப்படாமல் விரித்தபடியே கிடக்கும். பிறவியிலேயே கைகால் விறைத்துப்போன பிள்ளை ஒரு வீட்டில். பக்கவாதத்தில் விழுந்த அத்தா இன்னொரு வீட்டில். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மகன் ஒரு வீட்டில். அறிவு வளர்ச்சி குன்றிய தங்கை வேறொரு வீட்டில். இவர்களைப் பார்க்க நாம் போகிறோம். நலம் விசாரிக்கிறோம். துஆ ஓதி ஊதுகிறோம். வீட்டாரைப் பார்த்து, ஸப்ரு செய்யுங்கள், அல்லாஹ் கூலி தருவான் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். இவையெல்லாம் நல்ல அமல்களே. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமின் மீது மற்றொரு முஸ்லிமுக்குள்ள உரிமை. ஆனால் நாம் படியிறங்கிய பிறகு, அந்தத் தாய் தன் பிள்ளைக்கு எப்படிச் சோறூட்டுவாள், எப்படித் தூக்குவாள், எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பாள் என்பதை யாராவது அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்களா? இந்த ஒரு கேள்வியைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறோம்.

கோவில்பட்டியிலும், எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை என அதைச் சுற்றி விரிந்து கிடக்கும் கரிசல் பூமியிலும் இக்கேள்வி மிகவும் கூர்மையானது. இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஆண்கள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள். படுக்கையில் கிடப்பவரின் பொறுப்பு, தள்ளாத பாட்டியின் தலையிலோ, பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட மூத்த பெண்பிள்ளையின் தலையிலோ விழுகிறது. கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலம், ஐப்பசி கார்த்திகையில் நாலு மழை விழுந்ததும் களியாகிவிடும். அந்தக் கரிசல் சேறு சக்கர நாற்காலியின் சக்கரத்தை அப்பிக்கொண்டால் வண்டி ஓர் அடி நகராது. பஸ் நிறுத்தம் வரை பிள்ளையைச் சுமந்துபோக வேண்டியிருக்கும்போது, வாரந்தோறும் மருத்துவமனைக்குச் சென்று பயிற்சி பெறுவது எத்தனை பேருக்கு இயலும்? ஆகவே இங்கே வீடே மருத்துவமனை, வீட்டாரே பணியாளர். அவர்களுக்குக் கல்வி வேண்டும்.

பாசம் மட்டும் போதுமா?

பெற்ற தாய்க்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தர வேண்டுமா, பாசம் இருந்தால் எல்லாம் தானாக வந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம்.

ஸஹாபாக்கள் சிலர் பயணம் சென்றிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளத் தமக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், காயத்தில் நீர் புகுந்து மரணமடைந்தார். செய்தி நபி (ஸல்) அவர்களின் செவிக்கு எட்டியதும், அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று அண்ணலார் மனம் கொதித்துச் சொன்னார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்றும் இடித்துரைத்தார்கள்.

அன்பர்களே! அந்தத் தோழர்கள் கல்நெஞ்சர்களா? காயம்பட்டவர் மீது அன்பில்லாதவர்களா? இல்லை. தீனில் பேணுதல் உடையவர்கள். அவர் நன்மையையே நாடியவர்கள். ஆனால் அறிவு இல்லாமல் நன்மை நாடியதால் ஓர் உயிர் போயிற்று. இது காயத்துக்கு மட்டும் உரிய சட்டமல்ல. பலவீனமான ஓர் உடலைத் தன் கைப்பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய எச்சரிக்கை.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். கைகால் விறைத்த குழந்தையை மடியில் மல்லாத்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பாலாடையால் கஞ்சி புகட்டுகிறோம். சீக்கிரம் வயிறு நிறையட்டும் என்பது பாசம். ஆனால் அந்நிலையில் கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கிவிடுகிறது. அடிக்கடி நெஞ்சுச்சளி, காய்ச்சல், நிமோனியா. வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்கிறோம். பல் உடைகிறது, வாய் கிழிகிறது, வலிப்பு தன் நேரத்துக்குத்தான் நிற்கிறது. வாதத்தில் விழுந்த பெரியவரை, அசைத்தால் வலிக்குமே என்று இரக்கப்பட்டு ஒரே பக்கமாகக் கிடத்திவைக்கிறோம். சில நாட்களில் இடுப்பில் தோல் சிவந்து, கன்றி, எலும்பு தெரியும் அளவுக்குக் குழிப்புண் ஆகிறது. இவற்றில் எதுவும் பாசக் குறைவால் நேர்வதில்லை. இல்மு இல்லாததால் நேர்கிறது.

ஏர்வாடி தந்த பாடம்

இந்த அறியாமையின் கொடிய எல்லையை நம் தமிழகமே கண்டிருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கென நடத்தப்பட்ட காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட வழியில்லை. 28 உயிர்கள் பறிபோயின. நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் கூடாதென்று தடுத்திருக்கிறது.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் யார்? பெரும்பாலும் அவர்களுடைய குடும்பத்தார்தாம். வீட்டில் வைத்துக் கவனிக்கத் தெரியவில்லை. நோய் ஏறும்போது என்ன செய்வது, மருந்தை எப்படித் தவறாமல் கொடுப்பது, எப்போது மருத்துவரிடம் ஓடுவது என்று சொல்லிக் கொடுப்பார் இல்லை. எல்லா வழியும் அடைபட்டபோது, எங்கேயாவது நல்லபடி இருக்கட்டும் என்று விட்டுச் சென்றார்கள். அவர்களைக் குறைகூறுவது எளிது. அவர்களுக்குக் கற்றுக் கொடுக்காத சமுதாயத்தை, அதாவது நம்மை, யார் கேட்பது?

பணிவிடை யாருடைய கடமை?

நம் மத்ரஸாக்களில் உசூல் பாடத்தில் ஒரு விதி ஓதுகிறோம். எது இல்லாமல் ஒரு கடமை நிறைவேறாதோ, அதுவும் கடமையாகிவிடும் என்பது அதன் கருத்து. தொழுகை கடமை, ஒளு இல்லாமல் தொழுகை இல்லை, எனவே ஒளுவும் கடமை, ஒளுவின் சட்டத்தைக் கற்பதும் கடமை. இதே அளவுகோலை இங்கும் வைத்துப் பாருங்கள். இயலாத பெற்றோரையும் பிள்ளைகளையும் பராமரிப்பது கடமை. முறை அறியாமல் பராமரித்தால் கேடு விளைகிறது. எனவே முறையைக் கற்பதும் அப்பொறுப்பை ஏற்றவர் மீது கடமையாகிறது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்று வந்துள்ள ஹதீஸும் இதே திசையைக் காட்டுகிறது.

இந்தக் கடமை பெண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுகிறவர்களுக்கு ஹளரத் உஸ்மான் (ரலி) அவர்களின் வரலாறு போதும். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருக்குப் படை புறப்பட்டது. இஸ்லாத்தின் முதற்பெரும் போர். அவ்வேளை உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபிகளாரின் திருமகளுமான ருகைய்யா (ரலி) அவர்கள் நோயுற்றுக் கிடந்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பணிவிடை செய்யும்படி பணிக்கப்பட்டார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் உமக்கு உண்டு, பங்கும் உமக்கு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு அறிவித்ததை புகாரீயில் காண்கிறோம். சிந்தியுங்கள் சகோதரர்களே! நோயாளியின் கட்டிலருகே நின்ற ஓர் ஆண்மகனுக்குப் பத்ருப் போராளியின் பங்கு எழுதப்பட்டது. நம்மில் எத்தனை பேர், மனைவியோ தாயோ படுத்துவிட்டால், ஒரு பெண்ணை ஏற்பாடு செய்வதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம்!

உஹதில் நபி (ஸல்) அவர்களின் திருமுகத்தில் காயம் பட்டபோது, அலீ (ரலி) அவர்கள் நீர் ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள். நீர் படப்பட இரத்தம் மிகுவதைக் கண்டதும், ஒரு பாயின் துண்டை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள், இரத்தம் நின்றது. அழுதுகொண்டு நிற்கவில்லை. கவனித்தார்கள், மாற்றினார்கள், பலன் கண்டார்கள். கணவரும் மனைவியும் சேர்ந்து செய்த பணிவிடை அது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அடிக்கப்பட்டது. காயம்பட்டோரைப் பராமரிக்கத் தெரிந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அங்கே பணி செய்தார்கள். பள்ளிவாசலின் வளாகத்துக்குள்ளேயே பணிவிடைக்கு இடம் இருந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

ஆய்க்குடி காட்டிய வழி

கற்க வேண்டும் என்றால் கற்பிப்பவர் யார்? வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குச் சென்றால், அருகிலேயே ஆய்க்குடி இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் என்பவர் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் சென்றபோது விபத்துக்குள்ளாகி, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். முடங்கிவிடாமல், தமக்குச் சிகிச்சையளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரால், 1981இல் அமர் சேவா சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அது ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர்க்கென அறிவித்த ஆண்டு. 1992இல், தசைச்சிதைவு நோயுள்ள கணக்காயர் எஸ். சங்கரராமன் அவருடன் இணைந்தார். 2020இல் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய முறையை. கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, மறுவாழ்வுப் பணியாளராக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் அவர்களுக்குப் பின்னால் நின்று வழிகாட்டுகிறார்கள். பணியாளர் வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குப் பயிற்சி தந்து, தாயின் கையாலேயே அதைச் செய்யவைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார். மறுமுறை வரும்போது முன்னேற்றத்தைக் குறித்துக்கொள்கிறார். வாரத்தில் ஒரு மணி நேரம் நிபுணர் செய்வதைவிட, நாள்தோறும் தாய் செய்வதே பிள்ளையை நிமிர்த்தும் என்பது இதன் அடிப்படை. உலக சுகாதார நிறுவனமும் 1989இல், ஊனமுற்றவருக்கு அவர் வீட்டாரே பயிற்சி தரும் வகையில் படங்களுடன் கூடிய கையேடு ஒன்றை வெளியிட்டது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. அதனை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். முதுகுத்தண்டு அடிபட்டவர் அங்கே சேரும்போது குடும்பத்தாரில் ஒருவரும் உடன் தங்கிப் பணிவிடை முறைகளைப் பழகிக்கொண்டு ஊர் திரும்புகிறார். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரணப் பணி, நம் சகோதரர்கள் பெருவாரியாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் அண்டை வீட்டார் இயக்கமாகப் பரவியது. சாதாரண வியாபாரிகளும் ஆசிரியர்களும் குடும்பத்தலைவிகளும் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்குப் போய், வீட்டாருக்கும் கற்றுக் கொடுக்கிறார்கள். 2008இல் அம்மாநில அரசு இதையே தன் கொள்கையாக அறிவித்தது.

ஞானம் முஃமினின் தொலைந்த பொருள்; கண்ட இடத்தில் எடுத்துக்கொள்வான் என்று நம் பெரியோர் சொல்லித் தந்த கருத்துக்கு இதைவிட நல்ல பொருத்தம் ஏது?

வீட்டார் கற்க வேண்டியவை

விரிவான பயிற்சியை அறிந்தவரிடம் நேரில்தான் பெற வேண்டும். எனினும் ஒவ்வொரு வீடும் இன்றே அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைச் சொல்கிறோம்.

ஒன்று, புரட்டிவிடுதல். தானாகப் புரள இயலாதவரை இரவும் பகலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, பிட்டத்தின் நடு எலும்பு, தோள்பட்டை, பிடரி ஆகிய இடங்களை நாள்தோறும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது; அந்த இடத்தில் பாரம் விழாமல் படுக்கவைக்க வேண்டும். இழுத்து நகர்த்தினால் தோல் உரியும். அடியில் ஒரு போர்வையைப் போட்டு, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை உடலைச் சற்று உயர்த்தியோ சாய்த்தோ பாரத்தை மாற்ற வேண்டும்.

இரண்டு, ஊட்டுதல். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னுக்குச் சாயாமல், மோவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி பிடித்து, சிறு கரண்டியால் ஊட்டுங்கள். முன்னது விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. மூக்கைப் பிடித்து ஊற்றுவது ஆபத்து. உண்டபின் அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள்.

மூன்று, மூட்டுகளை அசைத்தல். நாள்தோறும் ஒவ்வொரு மூட்டையும் மெல்ல, வலிக்கும் அளவுக்கு இழுக்காமல், மடக்கி நீட்டிவிட்டால் கைகால் சுருண்டு இறுகிப்போவதைக் குறைக்கலாம். எந்த மூட்டை எவ்வளவு என்பதை இயன்முறை மருத்துவரிடம் ஒரு முறையாவது கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான்கு, தூக்குதல். இடுப்பை வளைத்துத் தூக்காமல் முழங்காலை மடக்கி, அவரை உங்கள் உடலோடு ஒட்டிப் பிடித்து எழுங்கள். தூக்குமுன் அவரிடம் சொல்லிவிட்டுத் தூக்குங்கள். பணிவிடை செய்பவளின் முதுகு போய்விட்டால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

ஐந்து, வலிப்பு. ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலுள்ள கூரான பொருள்களை அகற்றி, கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் நுழைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், விட்டுவிட்டு மறுபடி வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சைகையும் ஒரு சொல்லே

இவையெல்லாம் உடலுக்கானவை. கற்க வேண்டிய இன்னொன்று உண்டு. நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது, வீட்டார் அன்னாரின் வாயோரமாக மருந்தைப் புகட்டினார்கள். வேண்டாமென்று அண்ணலார் சைகையால் காட்டினார்கள். நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணி வீட்டார் புகட்டிவிட்டார்கள். தெளிவு வந்தபின், நான் தடுக்கவில்லையா என்று கேட்டு, அப்போது உடனிருந்தவர்களுக்கும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கும் இச்செய்தி புகாரீயில் உள்ளது. வாய் பேச இயலாதவரின் சைகை, கேட்டு மதிக்க வேண்டிய சொல் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? உங்கள் பிள்ளை பேசாதிருக்கலாம். கண்ணைத் திருப்புகிறான், உதட்டை மூடுகிறான், கையைத் தட்டிவிடுகிறான். அது அடமா, பதிலா என்று கவனியுங்கள். இரண்டு சட்டையைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். பார்வை போகும் பக்கம்தான் அவன் பதில்.

அம்ரு இப்னுல் ஜமூஹ் (ரலி) அவர்கள் கடுமையாக நொண்டுபவர்கள். உஹதுக்குச் செல்ல விரும்பினார்கள். உங்களுக்குத்தான் சலுகை உண்டே என்று புதல்வர்கள் தடுத்தார்கள். வழக்கு நபிகளாரிடம் வந்தது. சலுகை உண்டு என்பதையும் சொல்லி, அவர் விருப்பத்தைத் தடுக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்கும் அறிவுறுத்தினார்கள் அண்ணலார். பாதுகாப்பு என்ற பெயரால் அவர்களின் வாழ்வைப் பூட்டி வைக்கும் உரிமை நமக்கில்லை. மனநிலை சற்றுப் பாதித்த ஒரு பெண்மணி நபிகளாரிடம் தனியே பேச வேண்டுமென்றபோது, மதீனாவின் எந்தத் தெருவைச் சொன்னாலும் அங்கே வருகிறேன் என்று கூறி, அவர் தேவை தீரும்வரை நின்று கேட்டார்கள் (முஸ்லிம்). விருந்து வந்தால் இவர்களை உள்ளறையில் மறைப்பவர்கள் அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தை ஓதிப் பார்க்கட்டும். பார்வையற்றவரும் முடவரும் நோயாளியும் மற்றவரோடு ஒன்றாக உண்பதற்கிருந்த தயக்கத்தை அல்லாஹ் அதில் நீக்குகிறான் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

ஒளுவும் தொழுகையும்

படுக்கையில் இருப்பவருக்குத் தொழுகை இல்லை என்று வீட்டாரே முடிவு செய்துவிடுகிறார்கள். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தம் நோயைச் சொல்லிக் கேட்டபோது, நின்று, இயலாவிடில் உட்கார்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துத் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (புகாரீ). ஷாஃபிஈ மத்ஹபில் வலப்பக்கம் ஒருக்களித்துக் கிப்லாவை நோக்குவது முதன்மை. ஹனஃபீ மத்ஹபில் கால்கள் கிப்லாவின் பக்கம் இருக்க மல்லாந்து, தலையைத் தலையணையால் உயர்த்திக்கொள்வது சிறப்பு. சிறுநீர் கட்டுப்படாதவர், குழாய் வைத்தவர் ஆகியோருக்கும் வழி உண்டு. ஷாஃபிஈகள் நேரம் வந்தபின் சுத்தம் செய்து ஒவ்வொரு ஃபர்ளுக்கும் ஒளு செய்வார்கள். ஹனஃபீகளுக்கு அந்த நேரம் முடியும்வரை, வேறு காரணத்தால் முறியாத வரையில், அந்த ஒளு செல்லும். நீர் தீங்கு செய்யுமானால் தயம்மும் இருக்கிறது. தண்ணீருக்குத் தவித்த கரிசல் மக்களுக்குச் சிக்கனம் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் இரு கை கொள்ளும் அளவான நீரிலேயே ஒளு செய்திருக்கிறார்கள்.

அவ்ரத்தைப் பார்ப்பதும் தொடுவதும் தேவையின் அளவுக்கு அனுமதிக்கப்பட்டவை. கூடுமானவரை ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் செய்யட்டும், கையுறை அணியுங்கள், கழுவும் இடம் தவிர மற்றவற்றைப் போர்த்தி வையுங்கள். வயதுவந்த மகளைத் திறந்த வாசலில் வைத்துக் குளிப்பாட்டாதீர்கள். உணர முடியாதவள் என்று நீங்கள் நினைப்பவளுக்கும் வெட்கம் உண்டு. அறிவு தெளியாதவர் மீது தொழுகை கடமையில்லை. ஆயினும் பக்கத்தில் அமர்த்தி, பாங்கோசை கேட்கவைத்து, கை உயர்த்தப் பழக்குங்கள்.

பங்கும் பொறுப்பும்

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அத்தா மவுத்தானபின் பாகம் பிரிக்கும்போது, அவனுக்கு எதற்கு, நாம்தானே பார்க்கப்போகிறோம் என்று சொல்லி, இயலாத சகோதரனின் பங்கை மற்றவர் எடுத்துக்கொள்வது சில ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் வகுத்த பங்கில் ஊனத்துக்காகக் கழிவு எதுவும் இல்லை. அதே அத்தியாயத்தின் 5ஆம் வசனம், பொருளை நிர்வகிக்க இயலாதவரிடம் அதைக் கொடுத்து வீணாக்காமல் பொறுப்பாளர் பாதுகாக்கவும், அதிலிருந்து உணவும் உடையும் தந்து நயமாகப் பேசவும் பணிக்கிறது. பொறுப்பாளர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். மனவளர்ச்சி குன்றியோர், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உள்ளோர் 18 வயதைக் கடந்தால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழுவிடம் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் பெறலாம். பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால், எனக்குப் பின் யார் என்று தாயின் நெஞ்சை இரவெல்லாம் அரிக்கும் கவலைக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஜமாஅத்தின் முன் ஒரு கோரிக்கை

முத்தவல்லிகளே! ஜமாஅத்தார்களே! மஸ்ஜிதுந் நபவியில் அடிக்கப்பட்ட கூடாரத்தைச் சொன்னோம். நம் மத்ரஸாக் கூடம் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் சும்மாதானே இருக்கிறது? மாதம் ஒரு நாள் அதைத் திறந்துவிடுங்கள். அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரையோ, செவிலியரையோ வரவழையுங்கள். பெண்களுக்குத் தனி நேரம், ஆண்களுக்குத் தனி நேரம். ஒரு கட்டில், ஒரு போர்வை, ஒரு சக்கர நாற்காலி இருந்தால் போதும். சொற்பொழிவு வேண்டாம், செய்து காட்டட்டும், வீட்டார் செய்து பழகட்டும். சாதி மதம் பாராமல் அக்கம்பக்கத்து வீடுகளையும் அழையுங்கள். அண்டை வீட்டார் உரிமையில் மதம் குறிப்பிடப்படவில்லை.

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் படுக்கை நோயாளிக்குப் பராமரிப்பும் அளிக்க வழிசெய்யப்பட்டது. உங்கள் மஹல்லாவில் அது தேவைப்படும் வீடுகளின் பட்டியலை எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது; அடையாள அட்டை பெறாத வீடுகள் தூத்துக்குடி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை நாட ஓர் இளைஞரைத் துணைக்கு அனுப்புங்கள். கடும் ஊனமுற்றோருக்கான மாதாந்திர உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ளவர் விண்ணப்பிக்கத் தெரியாமல் இழக்கக் கூடாது. பள்ளிவாசலின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டுங்கள்; வீட்டு வாசலிலிருந்து தெரு வரை கல் பாவிய ஒரு சிறு பாதை போட்டுக் கொடுத்தால், கரிசல் மழையிலும் ஒரு சக்கர நாற்காலி ஜும்ஆவுக்கு வந்துசேரும்.

இன்னொன்று. பணிவிடை செய்யும் தாய்க்கு ஓய்வு கொடுங்கள். உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்குச் சொன்னதை நபிகளார் உண்மைப்படுத்தினார்கள். வாரத்தில் அரை நாள், பயிற்சி பெற்ற ஒரு பெண் போய் அமர்ந்துகொண்டால், அந்தத் தாய் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வருவாள். அல்லது கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக உறங்குவாள். அதற்கும் கூலி உண்டு என்றே நம்புகிறோம்.

அடுத்த முறை நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது, ஸப்ரு செய்யுங்கள் என்று சொல்லுமுன், எப்படி ஊட்டுகிறீர்கள், எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். தெரியவில்லை என்று சொன்னால் தெரிந்தவரைக் கூட்டி வாருங்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவது என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி அதுதான்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் இயலாதிருப்போரின் வேதனையை இலேசாக்குவாயாக! அவர்களைத் தாங்கும் கைகளுக்கு வலிமையையும், அக்கைகளுக்குரிய அறிவையும் தந்தருள்வாயாக! அவர்கள் பொருட்டு எங்களைக் கேள்வி கேட்கும் நாளில் எங்களைத் தலைகுனியச் செய்யாதிருப்பாயாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!